நூம்பல் தோப்பில் தங்கியிருந்த கட்சி

எங்கள் வீட்டில் அந்தக் கட்சியின் பெயரை யாரும் சொன்னதில்லை. 'நம்ம கட்சி' என்பார்கள். மெட்ராஸில் மந்திரிகளாக இருந்தவர்கள் நம்ம கட்சி. தாலுகா போர்டு பிரசிடெண்டு நம்ம கட்சி. அந்தப் போர்டில் மெம்பர்களாக இருந்த என் அப்பாவும் தாய்மாமனும் நம்ம கட்சி. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் அதென்ன ஆளும் கட்சி என்று இப்போது என் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். பெரிய ஆட்சியை அவன் வைத்துக்கொண்டான். ரோடு போடுவது, குளம் தூர் வாருவது, பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றுவது மாதிரியான சில்லறை ஆட்சியை நம்மவர்களிடம் விட்டிருந்தான். அந்தச் சில்லறைக்கே அவ்வளவு ரகளை.

எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது அந்தக் கட்சி இரண்டாக உடைந்தது. மெட்ராஸில் யாருக்கோ மந்திரி பதவி கிடைக்கவில்லை என்று ஆரம்பித்ததாம். கோபித்துக்கொண்டவர்கள் சட்டசபையில் எழுந்து போய் எதிர்ப்பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அவர்கள் நாற்காலி மாறிய செய்தி பூந்தமல்லி ரோடு வழியாக மெதுவாக மேற்கே வந்து, ஒரு நாள் மத்தியானம் வானகரத்தில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. அப்போது அப்பாவும் மாமாவும் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனாதான் பிரசிடெண்டுக்கு வலது கை. யாரை எப்படி வளைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். அதைப் பாராட்டாகவே சொல்வார்கள். மாமா என் அம்மாவுக்குத் தம்பி. நூம்பலில் நிலமும் தோப்பும் இருந்தன. அவரைப் போர்டுக்குள் கொண்டுவந்து உட்காரவைத்ததே நைனாதான். மழைக்காலத்தில் நூம்பல் ஓடை பெருகினால் ஊர் ஒரு தீவாகிவிடும். ஓடைக்கு மேல் ஒரு பாலம் கட்டித் தருவதாகப் பிரசிடெண்டு ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாலம் பாலம்னு சொல்லியே என்னக் கை தூக்க வச்சாரு. இன்னும் ஒரு கல்லு வந்து எறங்கல. மெட்ராஸ்ல அவங்க பிரிஞ்சிட்டாங்க மாமா. நானும் இனிமே அந்தப் பக்கந்தான்" என்றார் மாமா.

"கட்சிக்குள்ள இருந்துகினு கேளு மச்சான். வெளிய போய் கத்தினா எவன் தருவான்?" என்றார் நைனா.

"உள்ள இருந்துகினுதான கேட்டேன் இத்தினி நாளு."

"உன்ன அங்க உக்கார வச்சது யாருன்னு மறந்துட்டு பேசாத."

மாமா இலையைப் பார்த்தார். சோறு பாதி இருந்தது. சொம்பில் மோரோடு அம்மா நின்றிருந்தாள். மாமா எழுந்து கை கழுவாமலே வாசலைத் தாண்டிப் போனார். அம்மா அந்த இலையை உடனே எடுக்கவில்லை. ஈ மொய்க்கிற வரைக்கும் அப்படியே கிடந்தது. பிறகு ரொம்ப நாள் அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. எனக்குப் புரியாதது ஒன்றுதான்: நைனாவும் பிரசிடெண்டும் தங்கள் ஆட்களை 'நம்ம கட்சி' என்றார்கள், நூம்பலில் மாமாவும் தன் ஆட்களை 'நம்ம கட்சி' என்கிறாராம். அப்படியானால் இவர்கள் பிரிந்தது யாரிடமிருந்து?

ஆடி மாதத்தில் மாமா வந்தார். நைனா மெட்ராஸுக்குப் போயிருந்த நாள் பார்த்து, தோட்டத்துப் பக்கமாக வந்து, கிணற்றடியில் நின்று பேசினார். அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிறார்கள், அவர் பெண்டாட்டி புதுப்பெண் என்பதால் ஆடிக்குத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள், வீட்டில் பெண்பிள்ளை இல்லாமல் கூழ் எப்படி வார்ப்பது என்றார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் நைனா வந்ததும் அம்மா சொன்னாள். "தம்பிதான கூப்பிடறான், போய்ட்டு வா" என்றார் நைனா. சொல்லும்போது அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

நூம்பல் போய் இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. கூழ் வார்த்தது உண்மைதான். ஆனால் மாமாவின் வீட்டுக்குப் பின்னாலிருந்த மாந்தோப்பில், ஒரு நீளமான ஓலைக் கொட்டகை போட்டு, அதில் ஒரு கட்சியே குடியிருந்தது. பிரிந்து வந்த போர்டு மெம்பர்கள் எல்லாரையும் மாமா அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார். பிரசிடெண்டின் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்திருந்தார்கள். ஓட்டு நாள் வரைக்கும் யாரும் யார் கண்ணிலும் படக்கூடாது, பட்டால் பிரசிடெண்டு ஆட்கள் பேசியோ மிரட்டியோ இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஏற்பாடு.

"சமைக்க ஆள் வேணும்னு நேரா சொல்லி இருக்கலாமேடா" என்றாள் அம்மா.

"சமைக்க மட்டும் இல்லக்கா. நீ இங்க கீறேன்னா மாமா தடியனுங்கள அனுப்ப மாட்டாரு."

மாமா இதை ஒரு வெட்கமும் இல்லாமல் சொன்னார். அம்மா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. ஆனால் திரும்பிப் போகவும் இல்லை. அடுப்பு மூட்டினாள்.

எனக்கு அந்தத் தோப்பு திருவிழா போல இருந்தது. வேலைக்குப் போகாத இத்தனை பெரிய மனிதர்களை நான் ஒன்றாகப் பார்த்ததில்லை. ஆடிக் காற்று நாள் முழுக்க ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அவர்களால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சீட்டு ஆடுவார்கள், பாதியில் கலைத்துவிடுவார்கள். ஒருவர் வேலி வரைக்கும் நடந்து போவார், மாமா பின்னாலேயே போய் அழைத்துக்கொண்டு வருவார். என் வயலில் நாற்று என்ன ஆயிற்றோ என்பார் ஒருவர். என் மாடு என்னைத் தவிர வேறு யாருக்கும் பால் தராது என்பார் இன்னொருவர். பிரசிடெண்டு செய்த அநியாயங்களைப் பேச ஆரம்பித்தால் மட்டும் எல்லாரும் கொஞ்ச நேரம் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். அதையும் தினமும் எத்தனை தடவை பேசுவது? கடைசியில் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்தபடி படுத்துக்கொள்வார்கள்.

அவர்களில் எனக்குப் பிடித்தவர் பூந்தமல்லி தோல் மண்டி பாய். பெரிய உடம்பு, மெல்லிய குரல். குழம்பில் கறி போட்ட அன்று, ஓதி அறுக்காத கறி என்பதால், அவருக்கு மட்டும் அம்மா தனியாக முட்டை செய்து வைப்பாள். "தங்கச்சிக்கு என்னால ரெண்டு வேல" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அவர் சம்சாரத்துக்கு அது பேறு மாசம். நாலைந்து பிள்ளைகளைப் பெற்றுப் பறிகொடுத்து, ஒன்றும் தங்காமல், ரொம்ப வருஷம் கழித்து உண்டாகியிருந்தாளாம். பிரசிடெண்டு தன் மருமகனுக்குச் சந்தை குத்தகையைக் கொடுத்ததில் பாய்க்குக் கோபம். அந்தக் கோபத்தில் தோப்புக்கு வந்தவர், வந்த மறுநாளிலிருந்து மேற்கே பூந்தமல்லி இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு நாள் காலையில் திருமுல்லைவாயில்காரர் ஒருவருக்கு ஆள் வந்தது. அவருடைய வயதான தகப்பனார் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார், பேச்சில்லாமல் கிடக்கிறார் என்று. மனிதர் தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். மாமாவே வண்டி கட்டிக் கொடுத்தார். மறுநாள் வண்டிக்காரன் தனியாகத் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னான். தகப்பனார் கூடத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாராம். அவர் பக்கத்தில் என் நைனா உட்கார்ந்திருந்தாராம். அப்பாவும் பிள்ளையும் நைனாவும் சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தார்களாம். திருமுல்லைவாயில்காரர் அன்றே பிரசிடெண்டின் மோட்டாரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"மாமா வேல" என்றார் என் மாமா. அவர் முகத்தில் கோபத்தோடு கொஞ்சம் ஆச்சரியமும் இருந்தது. கொட்டகையில் எல்லாரும் அம்மாவை ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் நைனாவின் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரித்தேன். அம்மா என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு கணக்கு மிகவும் இறுகிவிட்டது. இன்னும் ஒரு கை குறைந்தாலும் தீர்மானம் தோற்றுவிடும் என்று பேசிக்கொண்டார்கள். மாமா வேலிக்கு ஆள் போட்டார்.

ஓட்டுக்கு முந்தின நாள் காலையில் பாயின் மண்டியில் வேலை செய்யும் ஆள் ஒருவன் ஓடிவந்தான். வேலியிலேயே நிறுத்திவிட்டார்கள். முந்தின நாளே வலி கண்டுவிட்டது, இன்னும் ஆகவில்லை, மருத்துவச்சி கை விரித்துவிட்டாள், எஜமானியம்மா பாயைக் கேட்டு அழுதுகொண்டிருக்கிறாள் என்றான். பாய் காதில் அது விழுந்துவிட்டது. செருப்பைக்கூடத் தேடாமல் வேலியை நோக்கி நடந்தார். மாமா குறுக்கே வந்து நின்றார்.

"பாய், கொஞ்சம் நில்லுங்கோ. அன்னைக்கு கிணறு, இன்னைக்குப் பிரசவம். இதுவும் எங்க மாமா வேலதான்."

"என் ஊட்ல மாசம்னு எனக்குத் தெரியாதா?"

"அவருக்கும் தெரியும் பாய். அதான் சொல்றேன்."

பாய் அந்தப் பெரிய உடம்போடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். போக விடலாம் என்று யாரும் சொல்லவில்லை. நாளைக்கு ஒரு நாள்தானே பாய் என்று ஒருவர் சொன்னார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வேலிக்கு வந்தாள். அந்த ஆளிடம் என்னென்னவோ கேட்டாள். வலி எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை வருகிறது, தண்ணீர் போயிற்றா, யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று. அவன் பதில் சொல்ல முடியாமல் அழுதான். பெண்கள் விஷயம், அவனுக்கு என்ன தெரியும்? அம்மா திரும்பினாள்.

"இவன் பொய் சொல்லல."

"உனக்கு எப்டிக்கா தெரியும்?"

"சொல்லிக் குட்த்து அனுப்பி இருந்தா நான் கேட்டதுக்கெல்லாம் பதில் வந்திருக்கும்."

மாமா அந்த ஆளை இன்னொரு தடவை பார்த்தார். ஆனால் நகரவில்லை.

"நான் அவர இட்டுகினு போறேன். அவரு பொண்டாட்டிய பாக்கட்டும். பொழுது எறங்கறதுக்குள்ள நானே இட்டாந்து உட்டுடறேன்" என்றாள் அம்மா.

கொட்டகைக்காரர்களில் வயதானவர் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காத தாயி. உன் ஊட்டுக்காரர் யாருன்னு எங்களுக்குத் தெரியும். உங்க ஊட்டு சொல்ல நம்பி ஒர்த்தர அனுப்பினதுதான் இப்ப மோட்டார்ல சுத்துது."

அம்மாவின் முகம் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அடித்த மாதிரி இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். நான் கிளை தாழ்ந்த ஒரு மாமரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் வந்து இறக்கிவிட்டாள். பின்னலை அவிழ்த்து இறுக்கமாகப் பின்னிவிட்டாள். முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். துடைக்க ஒன்றும் இல்லை.

"மாமாகிட்ட இரு. நான் வந்து இட்டுகினு போறேன்" என்றாள். பிறகு அந்த ஆட்களைப் பார்த்து, "பாப்பா இங்க கீது. போதுமா?" என்றாள்.

யாரும் போதும் என்று சொல்லவில்லை. போதாது என்றும் சொல்லவில்லை. மாமா மட்டும் "அக்கா, இது இன்னா பேச்சு" என்றார். அதற்குள் அவள் பாயை எழுப்பிக்கொண்டு வண்டியிடம் போய்விட்டாள்.

அன்றைய பகல் மாதிரி ஒரு பகலை மாமா தன் வாழ்க்கையில் கழித்திருக்க மாட்டார். வேலிக்குப் போவார், ரோட்டைப் பார்ப்பார், திரும்பி வருவார். என்னோடு தாயக்கட்டம் ஆட உட்கார்ந்தார். ஆட்டத்தில் கவனமே இல்லை. என் காய் எல்லாம் பழமாகிக்கொண்டிருந்தது, அவர் காய் இன்னும் மனையை விட்டு இறங்கவில்லை. நான் ஜெயிக்க ஜெயிக்க அவர் என்னை ஏதோ புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். சாப்பாட்டு வேளையில் எனக்கு அவரே ஊட்டிவிட்டார். எனக்கு ஊட்டிவிடுகிற வயது தாண்டிவிட்டது என்றேன். பரவாயில்லை சாப்பிடு என்றார்.

வெயில் சாயச் சாயக் கொட்டகையில் குரல் ஏறியது.

"அனுப்பினியே, வந்தாங்களா? அந்தம்மா புருஷன் பக்கம் போய்ட்டிருக்கும்."

"எங்கக்கா சொன்னா வரும்."

"வர்லன்னா?"

"வர்லன்னா போவட்டும். தீர்மானம் போவட்டும்."

"நீ ஈசியா சொல்ற. நாங்க ஊட்ட உட்டு வந்து கெடக்கறோம். அந்தப் பொண்ண இங்கயே நிறுத்தி வையி. அவங்க அப்பன் தானா ஓடியாருவான்" என்றார் ஒருவர்.

மாமா அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். நாலு பேர் சேர்ந்து பிரித்துவிட வேண்டியிருந்தது. ஓட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம், பிரிந்து வந்த கட்சி இன்னொரு தடவை பிரிகிற நிலைமைக்கு வந்தது. நான் தாயக்கட்டைகளைக் கையில் உருட்டிக்கொண்டு, ஆட்டம் பாதியில் நின்றுவிட்டதே என்று காத்திருந்தேன்.

ரோட்டில் புழுதி தெரிந்ததும் வேலியில் நின்றவன் கத்தினான். வந்தது மாமாவின் வண்டி இல்லை. எங்கள் வீட்டு வில்வண்டி. ஓட்டிக்கொண்டு வந்தது நைனா. கொட்டகையில் இருந்தவர்கள் கையில் கிடைத்த கட்டைகளை எடுத்துக்கொண்டார்கள். நைனா தனியாகத்தான் இறங்கினார். மாட்டின் கயிற்றை வேலியில் கட்டினார். பின்னாலிருந்து அம்மா இறங்கினாள். அவளுக்குப் பிறகு, வண்டியே ஒரு பக்கம் சாய, பாய் இறங்கினார். அவர் கண் சிவந்து வீங்கியிருந்தது. ஆனால் துக்க முகம் இல்லை.

"இன்னா பாய்?" என்றார் மாமா.

"பொண்ணு. தாயும் பொழச்சிட்டா" என்றார் பாய்.

நைனா யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்து மட்டும் சொன்னார்: "உன் ஆள் இதோ மச்சான். எம் பொண்ணக் குடு."

மாமா வாயைத் திறந்தார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்ல வந்தாரோ என்னவோ. அதற்குள் நான் ஓடிப்போய் நைனாவின் காலைக் கட்டிக்கொண்டேன். அவர் என்னைத் தூக்கி முன்னால் உட்கார வைத்துக்கொண்டார். அம்மா தம்பியிடம் சொல்லிக்கொள்ளாமலே வண்டியில் ஏறினாள்.

பூந்தமல்லியில் அன்று நடந்ததை அம்மா எனக்குச் சொன்னது, எனக்கே ஒரு பெண் பிறந்த பிறகு. அதுவும் ஒரே மூச்சில் சொல்லவில்லை; குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது கொஞ்சம், கால் நீட்டிப் படுக்க வைக்கும்போது கொஞ்சம்.

பாய் வீட்டுக்குள் அம்மா போனபோது அவர் சம்சாரத்துக்குத் தலை நிற்கவில்லையாம். மத்தியானத்துக்கு மேல்தான் குழந்தை அழுத சத்தம் கேட்டதாம். பாய் முற்றத்தில் நின்று சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாராம். அதற்குள் தெருக்கோடியில் பிரசிடெண்டின் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். நைனா மட்டும் உள்ளே வந்து, முற்றத்தில் கட்டி வைத்திருந்த தோல் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"பாய் இங்கயே இருக்கட்டும். பச்ச ஒடம்புக்காரிய உட்டுட்டு ஓட்டு போடப் போவணும்னு யாரு சொல்லுவா? நான் ஒண்ணும் கேக்கல. நாளைக்கு அவர் வெளிய வராம இருந்தா போதும்" என்றார்.

நியாயமான பேச்சு. பாய்க்கும் அதுதான் ஆசையாக இருந்திருக்கும். அவர் அம்மாவைப் பார்த்து, "நீ சொல்லு தங்கச்சி. நீ வரச் சொன்னா வரேன். இருக்கச் சொன்னா இருக்கேன்" என்றாராம்.

அம்மா நைனாவிடம் சொன்னாள்: "இட்டாந்து உடறேன்னு சொல்லிட்டு வந்துகிறேன்."

"யார்கிட்ட? உன் தம்பிகிட்டயா? நான் பேசிக்கிறேன்."

"பாப்பாவ அங்க உட்டுட்டு வந்துகிறேன்."

நைனா கொஞ்சம் சிரித்தாராம். "அதுக்கு இன்னா? அவன் தாய்மாமன். அவள இன்னா பண்ணிடப் போறான்? நாளைக்குப் போய் நானே தூக்கிகினு வந்துடறேன்."

"அவன் ஒண்ணும் பண்ண மாட்டான். எனக்குத் தெரியும். நான் அதச் சொல்லல."

"பின்ன?"

"என் வார்த்தைய அங்க யாரும் நம்பல. அந்தப் பெரியவரு, உங்க ஊட்டு சொல்லா, அத நம்ப மாட்டோம்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னாரு. அவர் சொன்னதுல தப்பு இன்னா கீது? உசுரோட கஞ்சி குடிக்கிற மனுசன கிணத்தடியில தள்ளினது நீங்க. அந்தப் பொய்னாலதான் இங்க ஒரு பொம்பள சாவற மாதிரி கெடந்தும் அங்க ஒர்த்தனும் நம்பல. என் சொல்லு செல்லல. அதனால பொண்ண வச்சேன்."

நைனா தோல் கட்டின் மேலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். உள்ளே குழந்தை அழுவதும் நிறுத்துவதுமாக இருந்திருக்கிறது. பிறகு எழுந்து தெருக்கோடிக்குப் போனார். அங்கே அவர் ஆட்களிடம் என்ன சொன்னார் என்பது அம்மாவுக்கும் தெரியாது. கத்தல் கேட்டது, பிறகு அவர்கள் கலைந்து போவது தெரிந்தது. திரும்பி வந்து, "பாய், ஏறுங்க" என்றார். மாமாவின் வண்டியைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு, அவர்களைத் தன் வண்டியில் ஏற்றினார்.

மறுநாள் போர்டில் நைனா பிரசிடெண்டுக்காகவே கை தூக்கினார். பாய் எதிர்த்துத் தூக்கினார். அந்த ஒரு கையில் பிரசிடெண்டு விழுந்தார். நைனாவைப் பார்த்துப் பிரசிடெண்டின் ஆட்கள் போர்டு ஆபீஸ் வாசலிலேயே காறித் துப்பினார்கள். மச்சானும் மாமனும் முன்னாலேயே பேசிவைத்துக்கொண்டு செய்த வேலை என்றார்கள். இத்தனை வருஷம் எத்தனையோ பொய்யால் ஜெயித்தவர், ஒரு தடவை பொய் சொல்லாமல் இருந்ததை யாரும் நம்பவில்லை. அவர் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டும் திரியவில்லை. அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. வயலைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வருஷமே மெட்ராஸில் பெரியவர்கள் கூடிப் பேசிச் சமாதானமாகிவிட்டார்கள். பிரிந்தவர்கள் திரும்பி வந்தார்கள். பழைய பிரசிடெண்டும் என் மாமாவும் பூந்தமல்லிக் கூட்டத்தில் ஒரே மேடையில் உட்கார்ந்து ஒரே ரோஜா மாலையைப் போட்டுக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டோம். மறுபடி எல்லாரும் 'நம்ம கட்சி' ஆகிவிட்டார்கள், எங்கள் வீட்டைத் தவிர. மாமா பிறகு வந்தார், போனார். நைனா அவரை வா என்றுதான் கூப்பிட்டார். அம்மாவும் சோறு போட்டாள். ஆனால் அவர் அழைத்த எந்த விசேஷத்துக்கும் அவள் நூம்பலுக்குப் போனதில்லை. பாலம் நான் கல்யாணமாகிப் போன பிறகு வந்தது. வேறு யாரோ கட்டினார்கள்.

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று சாயங்காலம் நூம்பலிலிருந்து வண்டி திரும்பும்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா என்னை விட்டுவிட்டுப் பூந்தமல்லி கடைத்தெரு வரைக்கும் போய் வந்திருக்கிறாள், எனக்கு ஒரு கண்ணாடி வளையல்கூட வாங்கி வரவில்லை என்பதுதான். புதுக் குழந்தையையும் அவள் மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா உட்டுட்டுப் போனப்ப அழுதியா?" என்று நைனா மாட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் ஏன் அழுவறேன்? மாமா தோத்துகினே இருந்தாரு."

"பயமா இல்லியா?"

"எதுக்கு?"

நைனா கயிற்றை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். காற்று எதிரில் அடித்தது. சாலையோரப் புளியமரங்கள் இரைந்துகொண்டிருந்தன. நான் பின்னால் திரும்பி உட்கார்ந்து, என்னை ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று அம்மாவைக் கேட்டேன். பாய் அவ்வளவு பெரியவர், வண்டியில் இடம் இருந்திருக்காது என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

அம்மா பின்னாலிருந்து கையை நீட்டி என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொலுசு அழுத்தி வலித்தது. விடு என்றேன். விடவில்லை. வேலப்பன்சாவடி தாண்டியும் விடவில்லை. வண்டி அவ்வளவு வேகமாகப் போகவில்லையே, நான் விழுந்துவிடுவேன் என்று எதற்கு இப்படிப் பயப்படுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வானகரம் வரும் வரைக்கும் காலை உதறிக்கொண்டே வந்தேன்.